ஒட்டும் காலம்

ஹத்சுயேவுக்குப் பனிக்காலக் கடலிடம் பயம் கிடையாது. படகின் விளிம்பில் ஐஸ் கட்டி நிற்கும்போதும் சிப்பி தூக்கப் போவாள். பயம் வருவது வசந்தத்தில், வட ஜப்பானின் முத்சு வளைகுடா எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் கிடக்கும்போது. அந்தத் தண்ணீரில் விசிறிச் சிப்பியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருக்கும். மீன் தின்னும். ஜெல்லி மீன் தின்னும். குளிர்காற்று கிளம்பினால் நீரோட்டம் அள்ளி வெளிக்கடலில் கொட்டிவிடும். தப்பியவற்றுக்கு ஒரு கால் முளைக்கும். பிடிக்க ஏதாவது கிடைத்தால் நூல் விட்டு ஒட்டிக்கொள்ளும்.

போன கோடையில் கடல் சூடேறித் தாய்ச்சிப்பிகள் செத்தன. இந்த வருடம் குஞ்சு ஒட்டவில்லையென்றால் வளர்க்க எதுவும் இல்லை. கணவன் ஷொகிச்சி, அவனுடைய அப்பாவைப் போல, டோக்கியோவுக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டியதுதான். அந்த அப்பா திரும்பி வரவில்லை.

மீனவர் சங்கத்தில் தண்ணீரைச் சோதிக்கும் மியோ, எப்போதும் பேசிக்கொண்டே நுண்ணோக்கியில் பார்ப்பவள். இம்முறை, கால் முளைத்தவை கொஞ்சம் இருக்கின்றன, இன்றைக்கே இறக்கிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள, பழைய வலை திணித்த வெங்காயப் பைகளைக் கட்டி, மூன்று கயிறுகளை ஹத்சுயேவும் ஷொகிச்சியும் கடலில் இறக்கினார்கள். மறுநாள் காற்று கிளம்பியது.

ஒட்டும் காலத்தில் கயிற்றைத் தொடக்கூடாது. ஆட்டினால் புதுக்குஞ்சு பிடியை விட்டுவிடும். காற்று ஓய்ந்ததும் ஹத்சுயே தனியாகப் போய்க் கிழக்குக் கயிற்றைத் தூக்கினாள். பையில் வெறும் வலை. விரலால் தடவினாள். ஒன்றுமே ஒட்டவில்லையா, ஒட்டியிருந்ததைத் தான்தான் உதறிவிட்டாளா, தெரியவில்லை.

அடுத்த முறை இருவரும் கயிறுகளின் மிதவைகளைப் பார்க்கப் போனபோது சொல்லிவிட்டாள்.

"ஏங்க, கிழக்குக் கயித்தத் தூக்கிட்டேன்."

திட்டுவான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"நீ இருக்கறப்ப குஞ்ச அழிக்க ஜெல்லி மீன் எதுக்கு?" என்றான். கொஞ்ச தூரம் போனதும், "மேக்குக் கயித்த நான் தூக்கிட்டேன்."

"எப்ப?"

"நீ குளிக்கப் போனப்ப."

"என்ன இருந்துச்சு?"

"வெறும் வலதான்."

"நடுக் கயிறு?"

"தொடல. நீ?"

"சத்தியமா இல்ல."

நடு மிதவை எதிரே நெருங்கிக்கொண்டிருந்தது. ஷொகிச்சி இஞ்சினை நிறுத்தினான். படகு எழுப்பிய அலை நிற்காமல் மிதவையை நோக்கிப் போனது. தடுத்துவிடலாம் போல ஹத்சுயே கையை நீட்டினாள். அலை மிதவையை ஒரு முறை தூக்கி இறக்கியது.

ஷொகிச்சி துடுப்பை எடுத்துச் சத்தமில்லாமல் படகைப் பின்னோக்கித் தள்ளினான்.