ஐப்பசி மாசத்துக் கொல்லை

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே மேஜை போட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். தற்பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், என் பத்திரத்தில் ஓட்டை கண்டுபிடித்த வக்கீல் அந்த ஊரில் கிடையாது. கிணறு, வரப்பு, புளியமரம், வண்டிப்பாதை என்று எதையும் விடமாட்டேன். மண்ணுக்கடியில் புதையல் கிடந்தால் அதுவும் வாங்குகிறவருக்கே என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கம். கிடந்ததை எவன் கண்டான்?

அந்த வருஷம் மெட்ராஸ் கம்பெனி ஒன்று சவுக்கு வைப்பதற்காகக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளை ஒரே வளைப்பாக வாங்கியது. அத்தனை கிரையப் பத்திரமும் நான் எழுதியதுதான். கடைசிப் பத்திரத்தை எழுதிக்கொண்டிருந்த காலையில் ஆடு மேய்க்கும் அம்மா ஒருத்தி மேஜை முன்னால் வந்து நின்றாள்.

“எங்க ஆட்டுப்பட்டிய எழுதிட்டீங்களாய்யா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஆடு படுக்கிறதயெல்லாம் பத்திரத்துல எழுதுவாங்களாம்மா?”

“இல்லாத பொதையல எழுதறீங்களாம். இருக்கிற எங்கள எழுத மாட்டீங்களா?”

அறுப்பு முடிந்த கொல்லையில் ராத்திரி ஆடுகளை அடைத்துவைப்பதுதான் பட்டி. நிலத்துக்கு எரு கிடைக்கும், ஆட்டுக்காரர்களுக்குக் கூலியாகக் கேழ்வரகு கிடைக்கும். இது ஊரறிந்த சங்கதி. அவள் அடுத்துச் சொன்னதுதான் எனக்குத் தெரியாதது.

“கெணத்துமேட்டுக் கொல்லையில ஆறு ராத்திரி, அது எங்களுக்கு ஆனி மாசத்துக் கூழு. பனமரத்துக் கொல்ல ஆடிக்கு. பாறக்கொல்ல ஆவணிக்கு, அங்க களரு மண்ணு ஜாஸ்தி, ரெண்டு ராத்திரி கூடப் படுக்கணும்...”

விரல் மடக்காமல், யோசிக்காமல், கம்பெனி வாங்கிய ஒவ்வொரு கொல்லையையும் சொல்லிக்கொண்டே போனாள். நான் பத்திரக்கட்டைப் புரட்டிப் புரட்டிச் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அடேயப்பா! சர்வே நம்பர் பார்க்காமல் எனக்கு ஒரு கொல்லையும் தெரியாது. ஒரு வருஷத்துச் சாப்பாட்டை அப்படி நிலம் நிலமாக வைத்திருந்த மனுஷியைப் பார்த்து உடம்பே சிலிர்த்துப்போயிற்று.

மேஜையில் இருப்பது எந்தக் கொல்லை என்று கேட்டாள். சொன்னேன்.

“ஐயோ, அது ஐப்பசிக்குங்க. அடமழையில ஆட்ட ஓட்ட முடியாது, அது இல்லன்னா வேற கஞ்சி இல்ல. அதயாவது எழுதுங்கய்யா.”

எழுதினேன். வருஷாவருஷம் பட்டி போடும் பாத்தியம் அவர்களுக்கு உண்டு என்று அழகாக ஒரு வரி. கம்பெனி ஏஜெண்ட் வந்து படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “இன்னா சார், வில்லங்கத்த நீங்களே எழுதிக் குடுக்கிறீங்க?” வேறு தாளில் அந்த வரி இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

அவள் எதிரே வேப்பமரத்தடியில் காத்திருந்தாள். “எழுதிட்டீங்களாய்யா?”

“எழுதிட்டேம்மா, போ,” என்றேன். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் தைரியமில்லை, அவ்வளவுதான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அடுத்த மாசியில், அறுப்பு முடிந்து பட்டி போடும் சமயத்தில், அதே ஏஜெண்ட் சிரித்துக்கொண்டே வந்தான். “சார், ஒரு பொம்பள மந்தையோட மூணு நாளா வேலிகிட்ட நிக்குது. பத்திரத்துல கீதுன்னு சொல்லுது. நகர மாட்டேங்குது.”

பஸ் பிடித்துப் போனேன். கண்ணுக்கெட்டிய தூரம் முள்கம்பி. அதன் ஓரமாக நூற்றுக்கணக்கான ஆடுகள் சத்தமில்லாமல் படுத்திருந்தன. அவளோடு வந்த சனத்துக்குக் கன்னமெல்லாம் ஒட்டிக் கிடந்தது. ஒருவன் கம்பியை அறுக்கக் கொடுவாளை எடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எழுத்துல இருக்கும்போது எதுக்குடா திருட்டுத்தனம்?”

மூன்று நாள் பசியோடு அப்படிச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? என் தொழில்மேல் எனக்கே அவ்வளவு நம்பிக்கை இருந்ததில்லை.

அதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்துபோயிற்று.

“நான் சொன்னேன் இல்ல? எழுதுனவரே வந்துட்டாரு!”

சனம் மொத்தமும் எழுந்து எனக்கு வழிவிட்டது.