அம்மாவின் காலில் விழுந்த குழி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கர்ப்பிணிகளுக்கான கிளினிக் புதன்கிழமைகளில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில் நடக்கும். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசை போடுவார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் எங்கள் தமிழ்ப் பெண்களோடு ஆற்றுக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்துப் பெண்களும் வருவார்கள். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் கார்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவது என் வேலை.

நான் போனது பாதரசத்தைப் பார்க்க. மிட்வைஃப் மிஸ்ஸி பிரஷர் பார்க்க அம்மாவின் கையில் பட்டியைச் சுற்றி ரப்பர் பந்தை அமுக்குவார். கண்ணாடிக் குழாயில் வெள்ளிக் கோடு ஏறும். மெதுவாக இறங்கி வரும்போது ஓரிடத்தில் துடிக்கும். அம்மாவுக்குள் இருக்கும் ஏதோ ஒன்று வெளியே வந்து என் முன்னால் துடிக்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன்.

அம்மாவின் கார்டில் ஒவ்வொரு முறையும் 90/60. அதே மாதக் கணக்கிலிருந்த சிங்கள அக்கா ஒருவருக்கு எப்போதும் 120/80. எண்கள் என்றால் எனக்கு மார்க்தான். அம்மா முப்பது மார்க் குறைவு. அத்தைக்கும் அதே கவலை. காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் தினமும் பால் விடாத சாயத்தேத்தண்ணியில் உப்புப் போட்டு, "குடிங்க அண்ணி, பிரஷர் ஏறட்டும்" என்று நீட்டுவார்.

எட்டாம் மாதம் அம்மாவுக்கு 120/80 வந்தது. நான் கைதட்டினேன்.

"பாத்தீங்களா, என் உப்பு செஞ்ச வேலை!" என்றார் அத்தை. வரிசை சிரித்தது. மிஸ்ஸி சிரிக்கவில்லை. இன்னொரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். சற்று முன்னர்தான் அதே எண்ணுக்குச் சிங்கள அக்காவை வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார்.

"ஒரே மார்க்குத்தானே? அவங்க பாஸ், எங்கம்மா மட்டும் பெயிலா?" என்று கத்திவிட்டேன்.

அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். "புள்ள கேக்குறது சரிதானே மிஸ்ஸி? அவங்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா? எந்திரிங்க அண்ணி, வீட்டுக்குப் போவோம்." எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கடைசியாகக் கூப்பிடப்பட்டுப் பழகியவர் அவர். அந்தக் கோபம் சும்மா வந்ததல்ல. அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை வந்துவிட்டோம்.

மிஸ்ஸியும் சிங்களவர்தான், ஆனால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. வாசலை மறித்துக் குந்தி, அம்மாவின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலை அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. அது மூடவேயில்லை. சிங்கள அக்கா, யாரும் கேட்காமலே, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். அங்கே அழுத்திய தடம் உடனே மறைந்தது. மடுவமே அந்த இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டு நின்றது.

"அந்தப் பொண்ணுக்கு நூத்தியிருபதுதான் வழமை. ஒங்க அண்ணிக்குத் தொண்ணூறு. லயத்துல முக்கால்வாசிப் பேருக்கு அப்பிடிக் கீழதான் நிக்கும். இப்ப முப்பது ஏறியிருக்கு, காலும் வீங்கியிருக்கு, தாய்க்கும் புள்ளைக்கும் ஆபத்து. நான் இவங்க கார்டை இவங்க கார்டோடதான் பாப்பேன், அடுத்தவங்க கார்டோட இல்ல" என்றார் மிஸ்ஸி.

அத்தை அம்மாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். சிங்கள அக்காவின் கணவர் வெளியே ஆட்டோவோடு காத்திருந்தார். அக்கா அதில் அம்மாவையும் அத்தையையும் ஏற்றிவிட்டு, "யன்ன, யன்ன" என்று சிங்களத்தில் போகச் சொல்லிக் கூரையைத் தட்டினார். போகும் வழியிலேயே அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று அத்தை பிறகு சொன்னார். மூன்றாம் நாள், நாள் கணக்குக்கு முன்பே, தம்பி பிறந்தான். இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

லயத்துப் பெண்களுக்குப் பிரஷர் ஏன் கீழே நிற்கிறது, இனமா, சாப்பாடா, உடம்பின் மெலிவா என்று பின்னாளில் டாக்டர்கள் சிலரிடம் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அன்று ஆட்டோ வளைவில் மறைந்தபின் நான் மடுவத்து வாசலில் குந்தியிருந்தேன். என் காலில் பெருவிரலை அழுத்தி அழுத்தி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் தடம் உடனே மறைந்துபோனது. அம்மாவுக்கு அவ்வளவு அழகாக விழுந்த குழி எனக்கு மட்டும் ஏன் விழவில்லை என்று அழுகையாக வந்தது.