நாற்பது மூட்டைப் புளி

ஊரிகத்து ஏனோக்குக்கு யார் மேலும் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது. தங்கச் சுரங்கம், அதாவது மைன்ஸ், மூடும்வரை அவர் வேலையே சந்தேகப்படுவதுதான். பாறையில் மின்னுகிற இடத்தை நம்பாமல் மேல், நடு, கீழ் என்று குறுக்காக மூன்று இடம் செதுக்கி, தங்கம் உண்டா என்று சோதிக்க அனுப்புவார். அவர் உளி பிடிக்க, ஆண்டர்சன்பேட்டை ஹரோல்ட் சில்லுகள் சிந்தாமல் கீழே கித்தான் பிடிப்பார். பதினோரு வருஷம் அந்த ஜோடி.

இப்போது அறுபத்திரண்டு வயதில் பெங்களூரில் வாட்ச்மேன். மைன்ஸ் கொடுத்திருந்த லைன் வீட்டைத் தன் பேருக்குப் பத்திரம் பண்ண ஒன்றரை லட்சம் சேர்த்திருந்தார். இன்னும் நாற்பதாயிரம் குறைந்தது. அது வளரவேண்டும், போய்விடவும் கூடாது.

மகள் ஷைலா போனில் மஞ்சளும் ஜீரகமும் முன்கூட்டியே விலை பேசும் கமாடிட்டி மார்க்கெட்டைக் காட்டினாள். விலை சரிந்தால் மேலும் பணம் கட்டச் சொல்வார்கள் என்று அவளே சொன்னதும் அது முடிந்தது. விவசாயக் கம்பெனிகளின் பங்கு வாங்கும் ஃபண்டு என்றாள். கண்ணால் பார்க்காத சரக்குக்கு யார் பொறுப்பு என்று கேட்டு அதையும் தள்ளினார்.

தினமும் வேலைக்குப் போகும் ரயிலில் எதிர் சீட்டில் வரும் அனில் சொன்னதுதான் காதில் ஏறியது. பங்குனியில் மலிவாகப் புளி வாங்கி, கோல்டு ஸ்டோரேஜில் போட்டு, ஐப்பசியில் விற்பது. நாற்பது மூட்டை, ரசீது ஏனோக் பேரில். மூட்டையைப் பிரித்துப் பார்த்துத்தான் பணம் என்றார் இவர்.

"அண்ணா, நீங்க போலீஸ்ல இருந்திருக்கணும்," என்றான் அனில்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பணத்தை உள்பையில் தைத்துக்கொண்டு, பிளேடும் கோணி ஊசியுமாகக் கோல்டு ஸ்டோரேஜுக்குக் கிளம்பினார். அனிலை வெளியே நிற்கவைத்துவிட்டு, அங்கே வேலை செய்யும் ஆளைக் கூப்பிட்டு அடுக்கின் அடியிலிருந்து ஒரு மூட்டையை இழுக்கச் சொன்னார். மேல் மூலையில் பிளேடு வைக்கப் போனவர் நிறுத்தினார். அங்கே ஏற்கெனவே கிழித்து, நீல நூலால் தைத்திருந்தது. நடு வயிற்றிலும் தையல். கீழே எதிர் மூலையிலும். அடுத்த மூட்டையைத் தள்ளிப் பார்த்தார். அதே மூன்று இடம், அதே குறுக்கு.

இப்படிக் கிழிக்கிற ஆள் உலகத்திலேயே இன்னொருத்தர்தான்.

போன் போட்டார். புளி ஏதாவது வாங்கினாயா என்று கேட்டதும் ஹரோல்ட் உஷாரானார். உனக்கு யார் சொன்னது என்று சந்தேகமாகக் கேட்டார். அனில் மூலமாகத்தான், நாற்பது மூட்டை, லாட் நூற்றுப் பதினேழு, பணம் கொடுத்து ஒரு வாரமாயிற்று என்று மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. ஏனோக் தன் முன்னாலிருந்த மூட்டையின் மேல் எழுதியிருந்ததைப் போனிலேயே படித்துக் காட்டினார். நூற்றுப் பதினேழு.

"அது என் மூட்டை. நீ இன்னாத்துக்கு அங்க போயி நோண்டினுகிற?"

"உன் மூட்டையத்தான்பா எனக்கு விக்கிறான். ரசீத எடுத்துக்குனு உடனே வா."

வெளியிலிருந்து அனில் நேரமாகிறது என்று குரல் கொடுத்தான். ஏனோக் உள்பையை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்தக் குளிரில் நீல நூல் மூட்டையின் மேலேயே ஏறி உட்கார்ந்தார். ஹரோல்ட் வரும்வரை அதை யாரும் நகர்த்த முடியாது.

"இன்னும் முப்பத்தெட்டு மூட்டை பார்க்கணும்பா," என்று பதில் கொடுத்தார்.