அப்பாவின் காம்பஸ் பெட்டி

அன்று அப்பா கண்டுபிடித்த விரல் தடம் என்னுடையதா, தம்பியுடையதா? இன்றும் எனக்குத் தெரியாது.

அப்பா போனபின் என்னிடம் வந்த பெட்டியை இன்று காலை திறந்ததும், பித்தளை பாலிஷ் வாசனை என்னை நாங்கள் வளர்ந்த மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு இழுத்துப்போனது. அந்த வீட்டை இடித்து வருடங்களாகின்றன. அங்கே ஞாயிறுதோறும் அப்பா, பழைய சாமான் கடைகளில் தேடிச் சேர்த்த வெள்ளைக்காரர் காலத்துக் காம்பஸ்களையும் யானைத்தந்த அளவுகோல்களையும் ஜன்னலோரம் பரப்பி, ஒவ்வொன்றின்மேலும் ஹா என்று மூச்சுவிட்டு, ஆவி படிந்த பித்தளையில் விரல் தடம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் கருங்காலி ரூலர் எங்கள் விரல்களில் இறங்கும், அம்மா சமையலறையை விட்டு வரமாட்டாள்.

"யாருடி தொட்டது? நீயா, அவனா?"

அன்று இருவருமே தொட்டிருந்தோம். நான் தொட்டது தம்பிக்குத் தெரியாது.

"அவன்தாம்ப்பா."

அவன் சுண்டுவிரல் சுள்ளிபோல ஒடிந்த சத்தத்தை நான் கேட்டேன். அலறல் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த விரல் இப்போதும் நிமிராது.

இன்று என் ஐந்து வயது மகள் காம்பஸைத் தொட்டதும், என் கை பெட்டியிலிருந்த அதே ரூலரை எடுத்து ஓங்கிவிட்டது.

"நக்கோ மம்மி, வேண்டாம்!" என்று விரல்களை மடக்கிக்கொண்டாள். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன்.

"ஆன்டிக்மா, ஷோகேஸ்ல வைக்கலாம்" என்கிறார் கணவர். எனக்கோ தூக்கி எறியத் தோன்றுகிறது. எறிந்தால், தம்பியிடம் உண்மையைச் சொல்லாமலே தப்பித்துவிடுவேனோ என்றும் பயம். முதலில் அவனிடம் சொல்ல வேண்டுமா, இல்லை பெட்டியை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டுமா? குழந்தையின்மேல் கை ஓங்கி, பிறகு நிறுத்திக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.