பித்தளையாகிப் போன தங்கம்

தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளிக்கூடத்தில் பௌதிகம் எடுத்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, போட்டோகிராபர் நண்பர் ஒருவரோடு சேர்ந்து பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியறையில் ஸ்டூடியோ ஆரம்பித்தேன். அவர் படம் எடுப்பார். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நிறத்தைச் சரிசெய்து அச்சகத்துக்கு அனுப்புவேன். என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

முதல் பெரிய வேலை, பக்கத்துத் தெரு நகைக்கடையின் கேட்லாக். கடைக்கார அம்மாவின் மகளே நகைகளைப் போட்டுக்கொண்டு நின்றாள். அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்த அன்று அந்த அம்மா படியேறி வந்து, அதை என் மேஜைமேல் போட்டார்.

"இது தங்கமா? பாத்திரக்கடை விளம்பரம்னு நினைச்சுப்பாங்க."

வளையல்கள் பச்சை பாய்ந்து பித்தளை மாதிரிதான் இருந்தன. என் திரையிலோ தங்கம் தங்கமாகவே மின்னியது. அச்சகத்தைத் திட்டுவதற்கு நண்பர் போனை எடுத்தார். வைக்கச் சொன்னேன்.

"ரெண்டு நாள் குடுங்கம்மா. வளையலை எடுத்துக்கிட்டு, பொண்ணையும் கூட்டிட்டு வாங்க. இங்கயே உக்காந்து பாருங்க" என்றேன்.

எங்களிடம் இரண்டு மானிட்டர்கள் இருந்தன. இரண்டிலும் வெறும் சாம்பல் நிறத்தை நிரப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"யா அல்லா! டீச்சர், ரெண்டும் ஒரே கலரா இது?" என்றார் நண்பர்.

ஒன்றில் நீலம் தட்டியது. நான் வேலை செய்த திரையில் லேசாக ரோஸ். நாள் முழுக்க அதையே பார்த்த கண்ணுக்கு அது உறைக்கவில்லை. திரையின் ரோஸைப் படத்தின் ரோஸ் என்று நினைத்து நான் குறைக்கக் குறைக்க, தாளில் பச்சை ஏறியிருக்கிறது.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். டியூப்லைட் வெளிச்சம் மட்டும். மானிட்டர் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்தேன். படமெடுக்கும்போது வெளிச்சம் அளக்க நண்பர் வைத்திருந்த சாம்பல் அட்டையைத் திரையோரம் நிறுத்தி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் மானிட்டரின் பட்டன்களால் துளித்துளியாக நகர்த்தினேன். அட்டையும் திரையும் ஒன்றானதும் பழைய படத்தைத் திறந்தேன். தாளில் இருந்த அதே பித்தளை! ஒரு மோசமான படத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். இனி எனக்குப் பயமில்லை. திரையில் சரியானது தாளிலும் சரியாக வரும். பச்சையைக் குறைத்துப் படத்தைத் திருத்தி வைத்தேன்.

சொன்னபடி அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா வளையலைக் கழற்றித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். மாறி மாறிப் பார்த்தார்.

"இது என் வளையல்தான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணு முகத்தை மட்டும் கொஞ்சம் செவப்பாக்கிடுங்களேன்."

"செய்யலாம்மா. ஆனா வளையல் இருக்கிற மாதிரியே வரணும்னு கேட்டது நீங்கதானே?"

அம்மா பதில் சொல்லுமுன் மகள் குனிந்து, தன் கையைத் திரையில் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நான் இப்படித்தான்மா இருக்கேன். நல்லாத்தான் இருக்கு. விடு."

அம்மா வளையலைத் திரும்பக் கையில் போட்டுக்கொண்டார். "சரி, அனுப்புங்க" என்று எழுந்தார்.

கேட்லாக் அச்சாகி வந்ததும் அந்தப் படத்தையே ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டச் சொன்னார். அந்த வேலையையும் நாங்கள்தான் செய்தோம்.