இரண்டு அப்புறம்

என் அக்கா புருஷனுக்கு அலுவலகத்தில் 'பொறுமை சார்' என்று பெயர். அதை முதன்முதலாகக் கேட்டபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கும் பிரிவில் அவருக்கு வேலை. காலையில் காதில் மாட்டும் ஹெட்போனைச் சாயங்காலம்தான் கழற்றுவார். கரண்ட் போனால் மனிதர்கள் வாயில் என்னென்ன வருமோ, அத்தனையும் அந்தக் காதில்தான் போய் விழும். அவர் குரல் ஒருவரிடமும் உயர்ந்ததில்லை. திட்டுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தினால், "அப்புறம் சார்?" என்பார். சொல்லி முடியுங்கள், நான் எங்கேயும் ஓடிவிடவில்லை என்று அர்த்தம். அதைக் கேட்டே பாதிப் பேருக்குக் கோபம் இறங்கிவிடுமாம்.

வீட்டிலும் அவருக்கு அதே வார்த்தைதான். அர்த்தம்தான் வேறு.

"ஏங்க, குழாய் ஒழுகுது."

"அப்புறம்."

"உங்க பொண்ணு போன் பண்ணா."

"அப்புறம் பேசறேன்."

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் மாமா வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டால், அந்த வீட்டில் காதுள்ளது சுவர் மட்டும்தான்.

அவரைக் கெட்ட மனுஷன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். சாப்பிட்ட தட்டோடு அக்காவின் தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைப்பார். எல்லாம் செய்வார், வாயைத் திறக்க மாட்டார். யாராவது பேசினாலும் கண்ணை மூடிக்கொள்வார். நான் ஏதாவது சொன்னால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"நாள் பூரா ஊரார் புலம்பலைக் கேட்டுட்டு வராருடி. காதுக்கும் ஓய்வு வேணாமா?"

"ஊருக்கெல்லாம் காது, உனக்கு மட்டும் முதுகா?" என்பேன்.

அக்கா பேசப் பிறந்தவள். "ஒரு விஷயம் சொல்லணும்" என்றுதான் எதையும் ஆரம்பிப்பாள். என்னவோ ஏதோ என்று பதறிக்கொண்டு கேட்டால், மாடிப்படிக்கு அடியில் பூனை குட்டி போட்டிருக்கும், அதில் ஒன்றுக்கு மட்டும் வால் கட்டையாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவள் சொல்லிக் கேட்டால் அந்த வாலைப் பார்க்கப் பஸ் ஏறிப் போகலாம் போலிருக்கும். நாமும் ஏதாவது சொல்லத் தொடங்கினால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கல்யாணமான புதிதில் இதையெல்லாம் அவரிடம்தான் கொட்டினாள். போகப் போக போனில் என்னிடம் கொட்டினாள். அவரிடம் அரிசி, எண்ணெய், சிலிண்டர் என்று சுருங்கிவிட்டது பேச்சு. சண்டை போட்டிருந்தாலாவது நாலு வார்த்தை செலவாகியிருக்கும்.

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே அக்கா வாசலுக்கு ஓடிவந்து, "ஒரு விஷயம் சொல்லணும்" என்றிருக்கிறாள். "அப்புறம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். காலையில் அக்கா பல் தேய்க்கும் இடத்திலேயே விழுந்தாள். மூளையில் அடைப்பு. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது.

பேச்சு முழுவதும் போனது என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. பசித்தால் "அப்புறம்." வலித்தால் "அப்புறம்." என்னைப் பார்த்துக் கண்ணில் நீர் வழியும்போதும் "அப்புறம்." இந்த நோயில் சிலருக்கு இப்படி ஒற்றை வார்த்தை தங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார். என் காதில் அது அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கிற அப்புறம். மாமாவுக்கு அப்படிக் கேட்கவில்லை. அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் அறை வாங்கினாற்போல் ஆகிவிடும்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தலை வாரிவிடுவது எல்லாம் அவர்தான். தலையில் வகிடு கோணலாகத்தான் விழும். நல்லது கெட்டது பார்க்காமல் பேசுகிற நானே அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆனால் உள்ளுக்குள் ஒரு புழு அவரை அரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் சொல்ல வந்தது என்ன? தலை வலிக்கிறது, கை மரத்துப் போகிறது என்று சொல்ல வந்தாளா? அன்றே கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தால் இப்படி விழாமல் இருந்திருப்பாளா? மகளைக் கேட்டார், கீழ்வீட்டு அம்மாவைக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அக்காவிடமே உட்கார்ந்து கேட்டார்.

"தலை சுத்துதுன்னு சொல்ல வந்தியா? நெஞ்சு வலிச்சுதா?"

"அப்புறம்."

"பொண்ணைப் பத்தியா?"

"அப்புறம்."

தலையை ஆட்டுவாள். அது ஆமாம் என்கிற ஆட்டமா, இல்லை என்கிற ஆட்டமா, யாருக்குத் தெரியும்? கடைசியில் அவளுக்கே அழுகை வந்துவிடும். அவர் விட்டுவிடுவார். மறுநாள் மறுபடியும் ஆரம்பிப்பார்.

என்னை மட்டும் வெகுநாள் அவர் கேட்கவில்லை. என் வாய்க்குப் பயம். ஒரு மத்தியானம் அக்கா தூங்கிய பிறகு சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நீயும் அன்னிக்குப் பகல்ல இங்கதானே இருந்தே. சாயங்காலம் ஏதோ விஷயம் சொல்லணும்னு வந்தா, நான் கேக்கல. உடம்புக்கு ஏதாவது முடியலன்னு சொன்னாளாம்மா?"

"எந்த விஷயம் மாமா? அந்த போன் விஷயமா? அதை அக்கா உங்ககிட்ட சொல்லலையா?"

சத்தியமாக, அன்றே சொல்லியிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்தும் இந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லையே என்று இத்தனை நாள் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன்.

"அவளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல மாமா. நல்லா இருந்தா, சந்தோஷமா இருந்தா" என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னேன்.

அவர்கள் வீட்டுக்கு எதிரே தெருவிளக்கு எரியவில்லை. இவரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு என் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, இவருடைய புகார் நம்பருக்கே அடித்தாள். இன்னும் எத்தனையோ பேர் அங்கே எடுப்பார்கள், நல்லவேளையோ கெட்டவேளையோ, எடுத்தது இவர்தான். அக்கா மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றி, "சார், விளக்கு எரியல சார்" என்று தெருப் பெயரைச் சொன்னாள். "அட, நானும் அந்தத் தெருதாம்மா. எங்க வீட்லகூட ஏதோ சொன்னாங்க, மறந்துட்டேன்" என்றார் இவர். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா விடவில்லை. இருட்டில் படி இறங்கப் பயமாக இருக்கிறது என்றாள். "அப்புறம்மா?" என்றார். சாயங்காலமானால் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை சார் என்றாள். "அப்புறம்மா?" என்றார். கட்டை வால் பூனையைப் பற்றிக்கூடச் சொன்னாள். அதையும் பொறுமையாகக் கேட்டார். நான் சிரிப்புத் தாங்காமல் சமையலறைக்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது அக்கா போனை வைத்துவிட்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்து புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள். "எவ்ளோ நேரம் கேட்டார் பாருடி. சாயங்காலம் சொல்லிச் சிரிக்கணும்" என்றாள். சாயங்காலத்துக்குள் ஆள் வந்து விளக்கையும் எரிய வைத்துவிட்டுப் போனான்.

மாமா துணியைக் கீழே வைத்தார். நோயைக் கவனிக்காமல் விட்ட பாவம் இல்லை என்று அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்றுதான் நான் சொன்னேன். அந்தப் பாவத்தை எடுத்துவிட்டு அதைவிடக் கனமானதை அவர் தலையில் ஏற்றிவிட்டேன் என்பது அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

"எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார். "பூனையைப் பத்திப் பேசினாங்க. நல்ல மனுஷி, பாவம், வீட்ல கேக்க ஆள் இல்ல போலன்னு நினைச்சேன்."

அழுகிறார் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அழுவதிலும் சத்தம் இல்லாத மனுஷன்.

"கடைசியா என்ன பேசினீங்க மாமா? நான் கேக்கல."

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். 'வேற ஏதாவது புகார் இருக்காம்மா?'ன்னு கேட்டேன். 'இருந்துது சார். நீங்க இவ்ளோ நேரம் கேட்டீங்கல்ல, இப்ப இல்ல'ன்னு சொல்லி வச்சுட்டா."