யாரும் தொடாத பொத்தான்

தலெந்தா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, கீபோர்டின் சந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகரத்து முதியோர் இல்லத்தில் கணினி அறையும் அவள் பொறுப்புதான். அதற்கு முன் ஆஸ்பத்திரி வார்டுகளில் காலம் தள்ளியவள். நோயாளி சொல்வதை நம்புமுன் போர்வையைத் தூக்கிப் பார்ப்பது அவள் பழக்கம். கல்யாணத்தையும் ஒருமுறை அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

கீபோர்டு ஹாஜி மன்சூருடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது கை நடுக்கம். பிரான்ஸின் லியோனில் இருக்கும் மகள் நஜாத்துக்குத் தினமும் எழுதுவார். இந்த வாரம் போனதெல்லாம் ஒரே எழுத்து வரிவரியாக ஓடிய குப்பை. மகள் பயந்துபோய் இல்லத் தலைவியைக் கூப்பிட்டாள். கிழவருக்குப் புத்தி தடுமாறுகிறது, திங்கள் காலை டாக்டர் பார்த்ததும் மாடிக்கு மாற்றிவிடலாம் என்று தலைவி சொல்லிவிட்டார். மாடிக் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள்.

தலெந்தா நம்பவில்லை. ஹரிஸ்ஸா மிளகாய் விழுதில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அன்று காலைதான் ஹாஜி சமையற்காரியோடு மல்லுக்கு நின்றார். தண்ணீர் கலந்துதான் இருந்தது. புத்தி தடுமாறியவருக்கு நாக்கு இவ்வளவு சரியாக இருக்குமா?

அப்படியென்றால் மாறியது மனிதர் அல்ல, பெட்டி. அவள் சந்தேகம் ஸ்கந்தர் மேல் திரும்பியது.

ஸ்கந்தரும் வஜ்தியும் பொறியாளர்கள். யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று ஓர் இயங்குதளத்தை நண்பர்களோடு சேர்ந்து தயாரித்து, இல்லத்தின் பழைய கணினிகளில் சும்மா போட்டுக் கொடுத்தவர்கள். அந்த நன்றிக்கு ஞாயிறு மதியம் அறை அவர்களுக்கு. வாராவாரம் ஒரே சண்டை. பொத்தான் குறைந்தால்தான் மனிதன் பயப்படாமல் தொடுவான் என்பான் ஸ்கந்தர். உனக்கு வேண்டாததை எனக்கும் வேண்டாமென்று சொல்ல நீ யார் என்பான் வஜ்தி. தலெந்தாவுக்கு ஸ்கந்தர் கட்சிதான் பிடிக்கும். பொத்தான் மலிந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் நோயாளி மாட்டிக்கொண்டு தவித்ததைப் பார்த்தவள்.

அன்று அவர்கள் வந்ததும், போன வாரம் புதுப் பதிப்பில் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். கொஞ்சம் சுத்தம் செய்தோம் என்றான் ஸ்கந்தர், திரையைப் பார்த்தபடி.

அந்த வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை. "சுத்தம் பண்ணினா குப்பைன்னு ஒண்ணு வெளிய போகணுமே. எதைத் தூக்கிப் போட்டே?"

தூக்கிப் போட்டவற்றில் ஒன்று, நடுங்கும் விரல் ஒரே எழுத்தைப் பலமுறை தட்டினாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் வசதி.

"வேணும்னு பண்ணல லல்லா. யார் யார் எதைப் பயன்படுத்துறாங்கன்னு ஒவ்வொரு கணினியும் எங்களுக்குத் தகவல் அனுப்பும். இதை ஒருத்தரும் தொடலன்னுதான் வந்துச்சு," என்றான் ஸ்கந்தர். லல்லா என்பது அவள் வயதுக்குக் கொடுக்கும் மரியாதை.

"ஹாஜி தினமும் தொட்டாரே."

ஸ்கந்தர் வஜ்தியைப் பார்த்தான். வஜ்தி காதைச் சொறிந்தான். மனிதன் செய்வதைப் பெட்டி வெளியே சொல்லக்கூடாது என்பது அவன் கொள்கை. இந்த அறையில் தகவல் அனுப்புவதை முதல் நாளே நிறுத்தியிருந்தான். என் கிழங்கள் எப்போது குறட்டை விடுகிறார்கள் என்று எவனுக்கும் தெரிய வேண்டாம் என்று அன்று தலையாட்டியவள் தலெந்தாவேதான்.

"அப்போ நாம மூணு பேரும் சேர்ந்துதான் அவரை இல்லாத மனுஷனாக்கியிருக்கோம்," என்றாள். "சரி, இப்பவே திருப்பிப் போடுங்க."

அடுத்த மாதப் பதிப்பில் போடலாம், எல்லாரிடமும் பேச வேண்டும் என்று ஸ்கந்தர் இழுத்தான். எடுத்த துண்டு பத்திரமாகத்தான் இருக்கிறது, இந்த ஒரு கணினியில் ஒட்டிவிடலாம், அதற்குத்தானே திறந்து வைத்திருக்கிறோம் என்றான் வஜ்தி. உடனே அதன் பொத்தானைத் திரையின் முன்பக்கத்தில் வைப்பதா, உள்ளே வைப்பதா என்று அடுத்த சண்டை.

"எங்கேயாவது வைங்கடா. டாக்டர் நாளைக்கு வர்றார்."

உள்பக்கத்தில் வைத்தார்கள். தலெந்தா நம்பாமல், தன் கையையே நடுக்கித் தட்டிப் பார்த்தாள். ஓர் எழுத்துதான் விழுந்தது. அப்புறம்தான் அவர்களுக்குத் தேநீர் கிடைத்தது.

மறுநாள் காலை டாக்டரையும் தலைவியையும் பின்னால் நிற்கவைத்து, ஹாஜியைக் கணினி முன் உட்காரவைத்தாள். அவர் நிதானமாக அடித்தார்: "நஜாத், எனக்குப் பைத்தியம்னு சொல்றாங்க. நீயுமா நம்பினே? ஹரிஸ்ஸால தண்ணி கலக்குறாங்க, அதை விசாரி." டாக்டர் படித்துவிட்டு, மாடியெல்லாம் எதற்கு என்று பையை எடுத்துக்கொண்டார். தலைவி சமையலறைப் பக்கம் போனார்.

எல்லாரும் போனபின், தகவல் அனுப்பலாமா என்று கேட்கும் பக்கத்தைத் தலெந்தா தேடி எடுத்தாள். இனி அவர் தொடுவதும் கணக்கில் வரட்டும் என்று, ஹாஜியின் கணினியில் மட்டும் 'ஆம்' என்று அழுத்தினாள். மற்றவற்றை அப்படியே விட்டாள். பிறகு ஒரு துண்டு பிளாஸ்திரி வெட்டி, அந்தக் கணினியின் கேமரா மேல் ஒட்டினாள்.